மதில்மேல் பூனை: 54 படம், ஐந்தாவது முறை

பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு படமாக எடுத்து ஓட்டும் என் ஸ்டாப் மோஷன் குறும்படத்தில் ஷாட் 9 ஒருவழியாக முடிந்தது. பூனை மதில்மேல் நடந்து வருகிறது, நிற்கிறது, திரும்பிப் பார்க்கிறது. நாலரை நொடி. இதற்குப் பதினோரு ராத்திரி போயிற்று. நாலு முறை எடுத்து அழித்து, ஐந்தாவது முறைதான் தேறியது.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எங்கள் வீட்டுப் பூனை கருப்பட்டி, போன வருஷம் ஒருநாள் காலையில் கழுத்தில் சிவப்புக் கயிறும் குட்டி மணியுமாக வந்து நின்றது. நாங்கள் கட்டவில்லை. விசாரித்துப் பார்த்தால், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் அதற்குப் பெயர் ராஜாத்தி. தினமும் ராத்திரி ஒன்பதரைக்குப் பாலில் ஊறிய இட்லி. அது கடுவன் என்று அந்த அம்மாவிடம் சொல்ல மனசு வரவில்லை. தையல் கடையில் அதே பூனைக்கு மிலிட்டரி என்று பெயர். மணி கட்டியது இந்த இரண்டு பேருமே இல்லை. அந்த மூன்றாவது வீடுதான் என் படம். மூன்று நிமிஷத்துக்குள் முடிக்கத் திட்டம். இப்போதைக்குக் கையில் இருப்பது 38 நொடி.

நொடிக்கு 12 படம் கணக்கில் எடுக்கிறேன். நாலரை நொடிக்கு 54. முதல் முறை, கால் வழுக்கியது. மதில் மேல்பக்கத்துக்கு பிஸ்கட் டப்பாத் தகரத்தை ஒட்டியிருந்தேன். பாதத்தில் இருக்கும் காந்தம் அதைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஏசி டக்ட் செய்யும் பட்டறையில் துண்டு ஜிஐ ஷீட் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) கேட்டேன், காசே வாங்காமல் கொடுத்தார்கள். பிடித்தால் விடமாட்டேன் என்கிறது. இரண்டாவது முறை, 31-ஆவது படத்தில் கரண்ட் போய், இன்வெர்ட்டருக்கு மாறியதும் விளக்கின் வெளிச்சம் ஒரு சாயல் மாறிவிட்டது. இப்போது எல்லா விளக்கும் எல்இடி ஸ்ட்ரிப்தான், 12 வோல்ட் பைக் பேட்டரியில் ஓடுகிறது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது முறை ரோமம். பொம்மைக்குப் போட்டிருந்த ஃபர் துணியில் விரல் பட்ட இடமெல்லாம் ஒவ்வொரு படத்திலும் வேறு பக்கம் சாய்ந்து, ஓட்டிப் பார்த்தால் பூனைமேல் எறும்பு ஊர்வதுபோல இருந்தது. 1933-இல் வந்த கிங் காங் பொம்மைக் குரங்குக்கே அந்தக் கதிதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, துணியை மாற்றினேன். திருப்பூரில் கிலோ கணக்கில் விற்கும் கட்டிங் வேஸ்டில் கருப்பு ஃப்ளீஸ் கிடைத்தது. விரல் பட்டாலும் தடம் விழுவதில்லை. கொஞ்சம் இழுத்தால் கொடுக்கவும் செய்கிறது. அரைக் கிலோ வாங்கினேன், இன்னும் பத்துப் பூனைக்கு வரும்.

நாலாவது முறைதான் என்னைப் படுத்தி எடுத்தது. தப்பு எதுவும் தெரியவில்லை. ஆனால் நடை நடையாக இல்லை.

கால் வரிசை சரி. இடது பின்னங்கால், இடது முன்னங்கால், வலது பின்னங்கால், வலது முன்னங்கால். ஒரு சுற்றுக்கு 12 படம், காலுக்குக் கால் 3 படம் இடைவெளி. ஒவ்வொரு காலும் 8 படம் தரையில், 4 படம் காற்றில். முன்னங்கால் எடுத்த இடத்திலேயே பின்னங்கால் விழ வேண்டும், அதையும் விடவில்லை. ஓட்டிக் காட்டினேன். மகள் இரண்டு தடவை பார்த்துவிட்டு, "அப்பா, கட்டில் நடக்குது" என்றாள்.

சரி என்று போனைத் தூக்கிக்கொண்டு கருப்பட்டியின் பின்னால் அலைந்தேன். ஸ்லோமோஷனில் எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளிப் பார்த்தேன். இரண்டு நாளாகக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது என் முட்டாள்தனம். விஷயம் தோளில் இருந்தது. பூனைக்கு நம்மைப்போலக் காறையெலும்பு தோளோடு பூட்டியிருக்காது. சின்னத் துண்டாகத் தசைக்குள் கிடக்கும். தோள்பட்டை எலும்பை உடம்போடு பிடித்து வைத்திருப்பதும் வெறும் தசைதான். எந்த முன்னங்கால் பாரம் தாங்குகிறதோ, அந்தப் பக்கத் தோள் முதுகுக்கு மேலே மேடு கட்டி எழும்பும். உடம்பு இரண்டு தோளுக்கும் நடுவே தூளி மாதிரி தொங்கும். நானோ பொம்மையின் நெஞ்சு முழுவதையும் எம்-சீல் போட்டு ஒரே கட்டியாக இறுக்கி வைத்திருந்தேன். எங்கிருந்து நடக்கும்?

வயிற்றுத் தையலைப் பிரித்து, கட்டியை இடுக்கியால் உடைத்து எடுத்தேன். முன்னங்கால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி, இரண்டு இழை 18 கேஜ் அலுமினியம் முறுக்கியது. அதை நேராக முதுகெலும்பில் கட்டாமல், பின்பக்கமாக ஒரு வளையம் போட்டு இறக்கினேன். வளையம் கொடுக்கும் அளவுக்குத் தோள் ஏறி இறங்கும். தோள்பட்டைக்குப் பழைய ஏடிஎம் கார்டில் வெட்டிய முக்கோணம். பாரம் விழும்போது இரண்டு மில்லிமீட்டர் மேலே தள்ள வேண்டும், அவ்வளவே. மூன்று தள்ளினால் கூனன் ஆகிவிடுகிறது.

கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆன்லைனில் போன்சாய் கம்பி என்று விலை வைத்து விற்கிறார்கள். கோவையில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் பஞ்சமா? அங்கே எடை போட்டுத் தருகிறார்கள், நல்ல மிருதுவான கம்பி. எனாமல் பூச்சு இருப்பதால் எம்-சீல் ஒட்டாது. ஒட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் சுரண்டிவிட வேண்டும். வால் எப்படியும் ஒடியும். எனக்கு மூன்று ஒடிந்தாயிற்று. இப்போது வால் அடியில் பேனாவின் பித்தளை ரீபிள் குழாய்த் துண்டைப் பதித்துவிட்டேன், ஒடிந்ததை உருவிப் புதியதைச் செருகிக்கொள்ளலாம்.

ஐந்தாவது முறை ராத்திரி பத்துக்கு ஆரம்பித்து மூன்றேகாலுக்கு முடித்தேன். தோள் ஏற, இறங்க, தலை மட்டும் ஒரே மட்டத்தில் வருகிறது. முந்தைய படங்களை மங்கலாகச் சேர்த்துக் காட்டும் ஆனியன் ஸ்கின்னில் மூக்கு நுனி கோடு போட்டதுபோல நேராகப் போனதைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஓட்டினால் அசல் திருட்டு நடை. தூங்கிக்கொண்டிருந்த மனைவியை எழுப்பிக் காட்டினேன். "நல்லாருக்கு, படுங்க" என்றாள்.

அடுத்தது ஷாட் 10, இருட்டில் கண் மின்னுவது. வண்டி ஸ்டிக்கர் கடையில் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் வாங்கி, பஞ்சிங் மெஷினால் இரண்டு வட்டம் வெட்டிக் கண்ணில் ஒட்டிப் பார்த்தேன். வந்த பக்கமே வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் சாமான் என்பதால் விளக்கு லென்ஸை உரசினாற்போல இருக்க வேண்டும். ஒரு சாண் தள்ளி வைத்தாலே கண் செத்துப்போகிறது. ஆனால் விளக்கு அங்கே வந்தால் மதிலின் நிழலெல்லாம் தட்டையாகிறது. மங்கலான ஒற்றை எல்இடி வைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஷாட்டுக்குத் தையல் மெஷினும் செய்ய வேண்டும், இன்னும் தொடவில்லை.

அப்புறம், ஷாட் 9-இல் 40-ஆவது படத்தில் நிலாமேல் ஒரு கொசு உட்கார்ந்திருக்கிறது. அதை அழிக்கப் போவதில்லை.