23 மி.மீ. தின்ற ஃபோர்க்: மூன்றாம் முறை பிரித்தபோது

நேற்று மாலை மொட்டைமாடியில் "புஸ்" என்று ஒரு சத்தம் கேட்டது. அரை விநாடிகூட நீடிக்கவில்லை. அதைக் கேட்பதற்கு எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் இரண்டு சர்கிளிப்புகளும் (குழாய்க்குள் பொருந்தும் பூட்டு வளையங்கள்) அம்மாவின் நல்ல துண்டு ஒன்றும் செலவாகியிருக்கின்றன. என் சைக்கிளின் முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் காற்று ஃபோர்க்கான ரீகான் சில்வர் இப்போது முழு உயரத்தில் நிற்கிறது. மேல்குழாய் நுழையும் வாயிலுள்ள சீல் விளிம்பிலிருந்து, குழாய்களின் தலையை இணைக்கும் கிரவுன் அடிவரை 127 மி.மீ. இரண்டு வாரமாக அதே இடத்தில் ஸ்கேலை வைத்தால் 104தான் காட்டியது. நடுவில் காணாமல் போன 23 மி.மீ.யைத் தின்றது வேறு யாருமில்லை, நான்தான்.

இந்த ஃபோர்க்கை நான் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லிக்கொள்வது வெறும் பெருமை. தேர்ந்தெடுத்தது என் பழைய ஃபிரேம். தலைக்குழாய் நேரானது, ஃபோர்க்கின் மேல்தண்டான ஸ்டியரர் 28.6 மி.மீ. இருந்தால்தான் நுழையும். முன்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் 9 மி.மீ. குவிக் ரிலீஸ், நெம்புகோலால் கழற்றும் மெல்லிய அச்சு. ஆசைப்பட்டுப் பார்க்கிற ஃபோர்க்கெல்லாம் அடி பருத்த ஸ்டியரர், 15 மி.மீ. அச்சு, 110 மி.மீ. ஹப் அகலம் என்றே வருகின்றன. அதில் ஒன்றை வாங்கினால் அதற்காக ஒரு ஹப், ஹப்புக்காக ஒரு சக்கரம், கடைசியில் ஃபிரேமே புதிது என்று போய் நிற்கும். எனக்கு மிஞ்சியவை இரண்டு: 30 மி.மீ. மேல்குழாய் உள்ள ஜூடி, 32 உள்ள ரீகான். என் கை முரடு என்று எனக்கே தெரியும் என்பதால் 32. எஃகுக் குழாய்தான், எடை 2 கிலோவைத் தாண்டுகிறது, சுமக்கட்டும். முன்பிருந்த சுருள்வில் ஃபோர்க் 100 மி.மீ. பயணம் (அமுங்கும் தூரம்), இது 120. அந்த 20 மி.மீ. உயர்வில் தலைக்குழாயின் கோணம் ஏறக்குறைய ஒரு பாகை சாய்ந்துவிட்டது. ஏற்றத்தில் முன்சக்கரம் கொஞ்சம் அலைபாய்கிறது, இறக்கத்தில் அதையே மன்னித்துவிடுகிறேன்.

கீழ்க்கால், அதாவது மேல்குழாய்கள் நுழைந்து இறங்கும் கீழ்ப்பகுதி, அதன் சர்வீஸ் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. நான் 90 மணி நேரம் ஓட்டியிருந்தேன், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், தடாகம் பக்கத்துச் செம்மண்ணில். கீழ்க்காலைக் கழற்றியபோது வடிந்ததை எண்ணெய் என்று சொல்ல வாய் வரவில்லை, கழுவிய சாம்பார்ச் சட்டித் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். பஞ்சு வளையங்கள் காய்ந்து கருவாடாகிக் கிடந்தன. புதியவற்றை எண்ணெயில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். தயிர் வடை ஊறுகிற நேரமாவது அவை ஊற வேண்டும், பிழிந்தால் வழிய வேண்டும். இதில் அவசரப்படுகிறவர்கள் அடுத்த மாதமே மேல்குழாயில் கோடு விழுந்தது என்று புலம்புவார்கள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கீழ்க்கால்தான் கழன்றாகிவிட்டதே, வில்லாக வேலை செய்யும் காற்று அறையையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று கை அரித்தது. மேல்குழாயின் அடியில் அந்த அறையை மூடும் சீல் ஹெட்டைப் பிடித்து நிற்கும் சர்கிளிப் ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் சர்கிளிப் பிளையரின் மூக்கு அந்தத் துளைக்குள் போகாது. கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணன் பிளையரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசாக வாங்கி உடனே தேய்க்கச் சொல்கிறாயே தம்பி, கடைக்காரர் கேட்டால் அழுவார்" என்றார். இரண்டு நிமிடச் சாணையில் மூக்கு ஊசியானது. காசு வாங்கவில்லை. கோயம்புத்தூரில் இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பிஸ்டனைத் துடைத்தேன், ஓ வளையங்களை மாற்றினேன், கிரீஸ் வைத்தேன். வைத்தேன் என்றால் தோசைக்கு வெண்ணெய் வைப்பதுபோல் தாராளமாக. விலை கொடுத்து வாங்கிய சஸ்பென்ஷன் கிரீஸ், குறைவாக வைத்தால் ஏதோ பாவம் செய்ததுபோல் இருந்தது. மூடி, 110 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) ஏற்றி, இரவு அப்படியே விட்டேன். காலையில் உட்கார்ந்து பார்த்தால் கல். என் எடைக்கு 78தான் சரியாக வரும், அதில்தான் நான் உட்கார்ந்ததும் 120இல் 24 மி.மீ. அமுங்கி, வேண்டிய ஐந்தில் ஒரு பங்கு கிடைக்கிறது. காற்றை 78க்கு இறக்கினேன். ஃபோர்க் மெல்லக் குனிந்தது. குனிந்தது நிமிரவே இல்லை.

முதலில் சந்தேகப்பட்டது கீழ்க்காலைத்தான். அமுங்கிய நிலையில் போல்ட்டை முடுக்கியிருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிக் கீழே இழுக்கும். மெல்லிய கேபிள் டையைத் தூசிச் சீலுக்கும் குழாய்க்கும் நடுவே நுழைத்துக் காற்றைச் சமப்படுத்தினேன். 2 மி.மீ. உயர்ந்ததுபோல் ஒரு பிரமை. ஸ்கேல் ஒத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் ஞாயிறு பிஸ்டன் சீலைச் சந்தேகித்து மறுபடி பிரித்தேன். இங்கே ஓர் எச்சரிக்கை, இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வால்வைத் திறந்து காற்றெல்லாம் போய்விட்டது என்று நம்பினேன். போனது மேல் அறைக் காற்று மட்டும். பிஸ்டனுக்குக் கீழே, அதை மேலே தள்ளி ஃபோர்க்கை அமுக்கப் பார்க்கும் எதிர் அறையில் காற்று சிறைப்பட்டுக் கிடந்தது. 100 பிஎஸ்ஐ என்றால் சதுர செ.மீ.க்கு 7 கிலோ, அதற்கும் என் மூக்குக்கும் நடுவே இருந்தது ஒரே ஒரு சர்கிளிப். நல்லவேளையாகக் கீழ்க்காலைக் கழற்றியதுமே பிஸ்டன் மேலே ஓடி அழுத்தம் பெரும்பாலும் தளர்ந்துவிட்டது. அப்படியும் கிளிப்பை எடுத்த நொடியில் சீல் ஹெட் தெறித்தது, துண்டு சுற்றியிருந்ததால் பிழைத்தேன். கிளிப் எங்கே பறந்தது என்பது பக்கத்து வீட்டுத் தொட்டிச் செடிகளுக்கே வெளிச்சம். அதற்கு மேல் நான் என்ன செய்தேன்? புது சீலைப் போட்டு, முன்னிலும் அதிகமாகக் கிரீஸ் அப்பி மூடினேன். 104, மாறாமல்.

வாரம் முழுக்க அலுவலகத்தில் காகிதத்தில் இந்தக் குழாயையே வரைந்துகொண்டிருந்தேன். மேல் அறைக்கும் எதிர் அறைக்கும் வால்வு ஒன்றுதான். அப்படியானால் கீழ் அறைக்குக் காற்று எந்த வழியாகப் போகிறது? குழாயின் உட்சுவரில் ஓரிடத்தில் சின்னக் குழி இருக்கிறது, விரல் நுனியால் தடவினால்தான் தெரியும். ஃபோர்க் முழுதாக நீண்டு நிற்கும்போது பிஸ்டன் சீல் சரியாக அந்தக் குழிக்கு நேரே வருகிறது. அந்த ஒரு நிலையில் மட்டும் சீல் சுவரைத் தொடாத ஒரு சந்து கிடைக்கிறது, அதன் வழியே காற்று கடந்து இரு அறையும் சமமாகின்றன. பழகியவர்கள் காற்றை இறக்கும்போது ஹேண்டில்பாரைப் பிடித்து ஃபோர்க்கை மேலே இழுப்பது இதற்காகத்தான். நானும் இழுத்தேன், தோள்பட்டை வலிக்க இழுத்தேன். குழி முழுக்க என் விலையுயர்ந்த கிரீஸ் அடைந்திருந்தால் எப்படித் திறக்கும்? 110 பிஎஸ்ஐ இரவெல்லாம் தள்ளியதில் கிரீஸைத் துளைத்துக்கொண்டு கீழே போன காற்றுக்கு, திரும்பி வர 30 பிஎஸ்ஐ வித்தியாசம் போதவில்லை. மேலே 78, கீழே நூற்றுக்கு மேல். ஃபோர்க் குனியாமல் என்ன செய்யும்?

1989இல் பால் டர்னர் தொடங்கிய, இந்த ஃபோர்க்கைச் செய்யும் ராக்‌ஷாக்ஸின் முதல் ஃபோர்க்கான ஆர்எஸ்-1, மொத்தமே 48 மி.மீ. பயணம் கொண்டது. நான் கிரீஸ் அப்பியே அதில் பாதியை விழுங்கியிருக்கிறேன்.

மூன்றாம் முறை கீழ்க்காலைக் கழற்றிவிட்டு, பிஸ்டனைத் தாங்கும் காற்றுத் தண்டின் நுனியில் போல்ட்டைத் திருகி, அதை பிளையரால் கவ்வி மெதுவாகக் கீழே இழுத்தேன். இறுதியில் ஓர் இருமல்போல் காற்று வெளியேறியது. பிறகே கிளிப்பைத் தொட்டேன். குச்சியில் பனியன் துணி சுற்றிக் குழாயின் உட்சுவரைத் துடைத்தபோது வந்த கிரீஸை வைத்து இன்னொரு ஃபோர்க்குக்கு சர்வீஸ் செய்யலாம். இந்த முறை சீலின் மேல் விரலால் ஒரு பூச்சு, பளபளப்பு தெரிந்தால் போதும் என்று நிறுத்தினேன். குழிப் பக்கம் ஒன்றுமே இல்லை. அடி போல்ட் 7.3 நியூட்டன் மீட்டர். இதில் மட்டும் கைக்கணக்கு வேண்டாம், கீழ்க்கால் மக்னீசியம். பம்பை மாட்டி ஐம்பது வரை ஏற்றி ஃபோர்க்கை மேலே இழுத்தேன். புஸ்.

இந்த மூன்று வாரத்தில் சீல் வாங்கிய கதை தனி. 32 என்று இரண்டு முறை எழுதியும் ஒரு கடை 30 மி.மீ. கிட்டை அனுப்பியது. திருப்பி அனுப்பும் செலவு என் தலையில். இப்போதெல்லாம் பெட்டியின் மேலுள்ள எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்ன பிறகுதான் பணம் போடுகிறேன். தூசிச் சீலை அடித்து இறக்க பிவிசி பைப் துண்டையே இன்னும் பயன்படுத்துகிறேன், ஒரு பக்கம் சாய்ந்தே இறங்குகிறது. நைலான் உருளையில் ஓர் அச்சு கடைந்து தர முடியுமா என்று பட்டறை அண்ணனிடம் கேட்டிருக்கிறேன். அளவுக்குப் பழைய சீலைக் கொண்டுவரச் சொன்னார், அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அசைவின் வேகத்தை மட்டுப்படுத்தும் டாம்பர் பக்கம் இன்னும் தொடவில்லை. 200 மணி நேரம் ஆகட்டும் என்பது சாக்கு, உண்மையில் பயம். ஃபோர்க் நிமிரும் வேகத்தை மாற்றும் ரீபவுண்ட் குமிழ் இரண்டு கிளிக் மட்டும் ஏதோ மந்தமாகத் திரும்புகிறது. பார்க்காததுபோல் இருக்கிறேன்.

சனிக்கிழமை உதகை. இங்கே கடல்மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சத்தில் மூடிய கீழ்க்கால் அங்கே 2,200ஐத் தாண்டும்போது உள்ளே அடைந்த காற்று உப்பி, கடைசிப் பயணத்தைக் கொடுக்காமல் முரண்டு பிடிக்கும். கேபிள் டையை சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டிவிட்டேன். ஸ்கேலும் பையில் இருக்கிறது.