ஜெபமும் பெர்கேசோ படிவமும்

2023-இல் ஆள்குறைப்பு என்று சொல்லி, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் என்னை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக் கடன் பாக்கி இருந்தது, பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சபையில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் ஜெபித்து முடித்த கையோடு, "சொக்சோவுக்கு மனு போட்டியா தம்பி?" என்று கேட்டது ஒரே ஒரு அக்காதான்.

சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோவில் (மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) 2018 முதல் வேலை காப்புறுதித் திட்டம் இருக்கிறது. நம் சம்பளத்தில் மாதம் 0.2 விழுக்காடு பிடிக்கிறார்கள், முதலாளியும் அதே அளவு கட்டுகிறார். வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நாமாக விலகினால் கிடைக்காது. அதனால் கம்பெனி நீட்டும் தாள் பணிநீக்கக் கடிதமா, ராஜினாமா கடிதமா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். மற்றபடி ஐசி (அடையாள அட்டை), சம்பளச் சீட்டு, வங்கி விவரம், அவ்வளவுதான். வேலை தேடுவதற்கு மாதாமாதம் ஆதாரம் காட்ட வேண்டும்.

வேலை தேடும் காலத்துக்கு அலவன்ஸ் தருகிறார்கள்: காப்புறுதிக்குக் கணக்கிடும் சம்பளத்தில் முதல் மாதம் 80 விழுக்காடு, அப்புறம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. இந்த இறங்குமுகம்தான் என்னை ஆட்டியது. 80 வந்தபோது ஸ்தோத்திரம் சொன்ன வாய், 40 வந்தபோது முணுமுணுத்தது.

அப்போதுதான் 1 இராஜாக்கள் 17-ஐ நிதானமாக வாசித்தேன். கேரீத் ஆற்றண்டையில் எலியாவுக்குக் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த கதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். ஏழாம் வசனத்தில் அந்த ஆறு வற்றிவிடுகிறது. மழை இல்லாததால் வற்றியது, மழையை நிறுத்தியிருந்தவரோ கர்த்தர். அங்கே போகச் சொன்னவரும் அவர்தான். வற்றிய பிறகே "சாறிபாத்துக்குப் போ" என்கிறார். அங்கே பார்த்தால் ஒருபிடி மாவும் கொஞ்சம் எண்ணெயும் மட்டும் வைத்திருக்கும் ஒரு விதவை! நானாக இருந்தால் திரும்பியிருப்பேன்.

எனக்குப் பாலத்துக்கு அக்கரையில், பெருநிலத்துப் பிறையில் ஒரு கிடங்கில் வேலை வந்தது. பழைய சம்பளத்தைவிடக் குறைவு. இன்னும் நல்லது வரும், காத்திரு என்றார்கள் சிலர். நான் போய்ச் சேர்ந்தேன். மீதமிருந்த அலவன்ஸில் 25 விழுக்காட்டை, சீக்கிரம் வேலையில் சேர்ந்ததற்காக பெர்கேசோ மொத்தமாகக் கொடுத்தது. வீட்டுக் கடனில் கட்டாமல் நின்ற தவணை அதில் அடைந்தது. தினமும் பாலம் கடக்க வேண்டும், ஆனால் மோட்டார் சைக்கிளுக்கு 2019 முதல் டோல் கிடையாது. அதற்கும் ஒரு ஸ்தோத்திரம்.