ஓரியூர்: புதன்கிழமையும் செம்மண்ணும்

இராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூரில் இருக்கும் கத்தோலிக்கத் திருத்தலத்துக்குப் போகிறவர்கள் கிழமை பார்த்துத்தான் கிளம்புவார்கள். புனித அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) இங்கே பாம்பாற்றங்கரையில் தலை வெட்டிக் கொன்றது 1693 பிப்ரவரி 4. அன்றைக்குச் சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் நாள். அதனால் இங்கே புதன்தான் விசேஷம். நேர்த்திக்கடன் இல்லாமல், சும்மா உட்கார்ந்து செபிக்க மட்டும் வருகிறவர்களுக்கு மற்ற நாள்களே தேவலை.

லிஸ்பனில் 1647-ல் பிறந்த இந்த இயேசு சபைக் குரு, காவி உடுத்தி, புலால் தொடாமல், பண்டாரசாமியாக, அதாவது உள்ளூர்த் துறவி கோலத்தில், மறவர் சீமையான இராமநாதபுரம் பகுதியைச் சுற்றி வந்தவர். சாகக் கிடந்து பிழைத்த மறவர் சீமை இளவரசர் தடியத்தேவர் அவரிடம் 1693 ஜனவரி 6-ல் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக மூத்த மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிட்டார். அவர்களில் ஒருத்தி சீமையை ஆண்ட மன்னர் சேதுபதியின் உறவுக்காரப் பெண். வினை அங்கேதான் வந்தது. இரண்டே நாளில் சாமியார் கைதானார். மதச் சண்டை என்று ஒரே வார்த்தையில் முடித்தால் இந்த அரண்மனை விவகாரம் மறைந்துபோகும். சிறையில் கரியைத் தண்ணீரில் குழைத்து, துரும்பால் தொட்டுக் கடைசிக் கடிதம் எழுதினார். புனிதர் பட்டம் 1947-ல் கிடைத்தது.

அவருடைய ரத்தம் ஊறித்தான் இங்கே மண் சிவந்தது என்பது நம்பிக்கை. சாதி, மதம் பாராமல் எல்லோரும் அந்த மண்ணை அள்ளிப் போகிறார்கள். பிள்ளை வரம் கேட்பவர்களே அதிகம். ஒரு சிட்டிகை போதும். ஈரமாக இருந்தால் தாளில் பரப்பி உலர்த்திய பிறகு மடியுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். நெற்றியில் பூசுவதோடு நிறுத்துவது நல்லது. கைக்குழந்தைக்குக் கரைத்துப் புகட்ட வேண்டாம்.

மொட்டையும் கிடாவும் இங்கே பெரிய நேர்த்தி. முதலில் மொட்டை, குளியல், சந்தனம், அப்புறம் பூசை (திருப்பலி), விருந்து கடைசியில். பூசை முடிந்துதான் அடுப்பு மூட்டுவது என்றிருந்தால் சாப்பாடு மூன்று மணிக்குத்தான். சமைக்க நாலு பேரை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். பத்து கிலோ கறி தேறும் கிடா ஐம்பது பேருக்குக் காணும். அரிசி ஏழு கிலோ. கோயிலில் கையேந்தி நிற்பவர்களுக்கும் இலை போடுவது வழக்கம், ஆகவே பத்து பேருக்குச் சேர்த்தே உலை வையுங்கள். அண்டா, கரண்டி, குடிதண்ணீர் கையோடு வரட்டும். வறண்ட சீமை இது. தண்ணீர்தான் முதலில் தீரும்.

புதன்தானே என்று சாம்பல் புதனில் கிடா நேர்ந்துவிடாதீர்கள். அன்று ஒருசந்தி, அதாவது நோன்பு நாள், கறி கூடாது. தவக்காலம் முழுக்கப் பல வீடுகளில் கறி எடுக்க மாட்டார்கள், அழைத்தாலும் ஆள் சேராது. அதற்கு முன்போ, பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) பிறகோ வைத்துக்கொள்ளுங்கள்.

ரயிலில் வருகிறவர்கள் காரைக்குடியிலோ தேவகோட்டை ரஸ்தாவிலோ இறங்கித் திருவாடானை வழியாக வரலாம். திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.