குடும்பக் காகிதங்களைக் காப்பகத்துக்குக் கொடுத்தபோது

தாத்தா காலத்திலிருந்து சேர்ந்த கடிதங்கள், நாட்குறிப்புகள், கணக்கு நோட்டுகள் எல்லாவற்றையும் வட்டார ஆவணக் காப்பகத்துக்கே கொடுத்துவிடலாம் என்று வீட்டில் முடிவானது. முதலில் ஆண்டுவாரியாகப் பிரித்து அடுக்கிவிடலாம் என்றார் சித்தப்பா. நல்லவேளை, அதற்குள் காப்பகத்துக்கு போன் செய்துவிட்டோம். "எதையும் அடுக்காதீங்க, எதையும் தூக்கிப் போடாதீங்க" என்றார் அலுவலர். எந்தக் கடிதத்தோடு எந்த ரசீது கிடந்தது என்பதும் ஒரு தகவல்தானாம். கலைத்துவிட்டால் மீட்க முடியாது.

அவர் நேரில் வந்து பார்த்தபோது எங்கள் கணக்கெல்லாம் தலைகீழானது. பெருமையாகச் சேர்த்துவைத்த செய்தித்தாள் துணுக்குகளை ஒதுக்கிவைத்தார். அந்த இதழ்கள் நூலகங்களில் முழுசாகவே இருக்கின்றன. போதாததற்கு, மரக்கூழ்த் தாளில் உள்ள அமிலம் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கிவிடும். அத்தையின் வீட்டுக் கணக்கு நோட்டைத்தான் ஆசையாகப் புரட்டினார். யாரிடம் கைமாற்று, மருந்துக்கு எவ்வளவு, பள்ளிக் கட்டணம் எப்போது கட்டியது என்று வரிவரியாக இருந்தது. ஒரு பக்கத்தில் 'கடன் தீர்ந்தது' என்று எழுதி, சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார் அத்தை.

துருப்பிடித்த குண்டூசி, ஜெம் கிளிப், ரப்பர் பேண்ட் எல்லாம் எடுக்க வேண்டியவை. தாளோடு ஒட்டிப்போனதை மட்டும் இழுக்காமல் விடச் சொன்னார். கிழிசலுக்கு செலோடேப் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. பூச்சி அரித்த கட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் மூடி, மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் வைப்பார்களாம். அது அவர்கள் பாடு. எங்கள் பாடு புகைப்படங்கள். பெரியம்மாவை உட்காரவைத்து, படத்தில் இருப்பவர் யார், எந்த விசேஷம் என்று கேட்டுப் பின்பக்கத்தில் மென்மையான பென்சிலால் லேசாக எழுதினோம். பால்பாயின்ட் பேனா என்றால் முன்பக்கம் அழுத்தம் விழும். பெயர் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு எந்தக் காப்பகமும் அதிகம் செய்துவிட முடியாது. அதனால் இந்த வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

கொடை ஒப்பந்தத்தில்தான் இழுபறி. நமக்கு வந்த கடிதத்தின் தாள்தான் நமக்குச் சொந்தம். அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை பொதுவாக எழுதியவருக்கோ அவர் வாரிசுக்கோ உரியது. ஆக, நம்மிடம் இல்லாத உரிமையை நாம் எழுதிக் கொடுக்க முடியாது. சொத்துத் தகராறு பற்றிய கடிதங்களைக் கொளுத்திவிடச் சொன்னார் அத்தை. அந்தக் கட்டை மட்டும் சில காலம் மூடிவைக்கலாம் என்றார் அலுவலர். 'குடும்பத்தார் அனுமதித்தால் திறக்கலாம்' என்று எழுதப் பார்த்தோம், அவர் ஒப்பவில்லை. பிற்காலத்தில் குடும்பத்தார் என்று யாரைத் தேடிப் போவது? கடைசியில், திறக்கும் தேதியைக் குறித்த பிறகே அத்தை சம்மதித்தார். வேண்டாம் என்று கழிப்பதைத் திருப்பித் தர வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொண்டோம். கையெழுத்துப் போடும் முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பிறகு பெட்டி எண்களோடு ஒரு விவரப் பட்டியல் வந்தது. இனி நாங்களும் மற்றவர்களைப் போல விண்ணப்பம் எழுதிக் கொடுத்து, வாசிப்பு அறையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். அப்பாவின் பழைய பிளாப்பி டிஸ்குகளையும் கேட்டிருக்கிறார்கள். காகிதத்தைவிட அதற்குத்தான் அவசரம் அதிகமாம்.