பானெட்டில் ஏழு புள்ளிகள்

காலை ஆறரை மணிக்கு சிங்கப்பூரின் ஏஒய்இ விரைவுச்சாலையில் துவாஸ் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அந்தச் சத்தம் தெரியும். முன்னால் ஒரு மண் லாரி, பக்கத்தில் இன்னொன்று. தார்ப்பாய் போட்டு மூடித்தான் போகிறார்கள். ஆனால் டயர் இடுக்கில் சிக்கிய பொடிக்கல்லை எந்தத் தார்ப்பாய் மூடும்? 'டிக்' என்று ஒன்று வந்து விழும். கண்ணாடியில் பட்டால் அப்போதே தெரிந்துவிடும். பானெட் என்றால் அடுத்த தடவை கார் கழுவும்போதுதான்.

போன நவம்பரில் கழுவும்போது எண்ணினேன். பானெட்டில் மட்டும் ஏழு. பம்பரில் எண்ணவில்லை, அது பிளாஸ்டிக், துருப்பிடிக்காது, கிடக்கட்டும். ஏழில் ஆறு வெறும் சாம்பல் புள்ளிகள். அதாவது அடிப்பூச்சான பிரைமர் இன்னும் இருக்கிறது, அவசரமில்லை. ஏழாவது மிளகு அளவுதான். ஆனால் நடுவில் பழுப்பு. கல் இரும்பு வரை போயிருக்கிறது.

ஒரு பட்டறையில் கேட்டேன். பானெட் முழுக்க ஸ்ப்ரே அடிக்க 280 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்றார்கள். வெள்ளி நிறக் காருக்கு வெள்ளியாகத்தானே செலவாகும் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். மனைவி சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு வருஷத்துல சிஓஇ முடியுது. ஒடைக்கப் போற காருக்கு யாராச்சும் மேக்கப் போடுவாங்களா?" நியாயம்தான். கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழ்தான் சிஓஇ. காரைப் பதிவிலிருந்து எடுக்கும்போது கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடி வயதைப் பார்த்துப் போடும் கணக்கு. பெயிண்டின் பளபளப்பை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. நான் ஷிப்யார்டில் பெயிண்ட் இன்ஸ்பெக்டர். பதினெட்டு வருடமாக அடுத்தவர் அடித்த பெயிண்டில் குறை கண்டுபிடித்துத்தான் சோறு சாப்பிடுகிறேன். என் காரிலேயே துருவென்றால் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அங்கிள்கூட வாய்விட்டுக் கேட்டுவிடுவார்.

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். முதல் வேலை கலர் கோடு. என் டொயோட்டா வியோஸில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு தகடு. அதில் சி/டிஆர் என்று போட்டு 1எஃப்7. வெள்ளி என்று சொல்லிக் கடையில் வாங்கக் கூடாது. டொயோட்டா ஒன்றிலேயே பல வெள்ளிகள் இருக்கின்றன. கோடு சொல்லி நகப்பூச்சு பாட்டில் அளவில் இரண்டு வாங்கினேன்: ஒன்று கலர், ஒன்று அதற்கு மேலே பூசும் நிறமில்லாத கிளியர். மூடியிலேயே ஒரு குட்டி பிரஷ் இருந்தது. அந்த பிரஷ்தான் என்னைக் கவிழ்த்தது.

டிசம்பர் முதல் வாரம், ஞாயிறு மதியம். மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் புளோக் பக்கத்துப் பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் மேல்தளத்துக்கு ஒரு தளம் கீழே, நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டேன். துணியால் துடைத்தேன், பிரஷ்ஷை முக்கினேன், ஒரே இழுப்பு. ஏழு புள்ளிக்கும் ஏழு நிமிடம். மேலே கிளியர். வேலை முடிந்தது என்று தே குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து பார்த்தால் பானெட்டில் ஏழு பரு. கிளியர் பால் ஊற்றியது போல வெளுத்திருந்தது. போதாக்குறைக்குப் புள்ளியெல்லாம் சுற்றியுள்ள நிறத்தைவிடக் கறுப்பாகத் தெரிந்தது.

மறுநாள் வேலையிடத்தில் ஒரு பெயிண்டர் தம்பியிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். மன்னார்குடிப் பக்கத்துப் பையன். கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்தான். "அண்ணே, எங்ககிட்ட கேக்குற கேள்விய வண்டிகிட்ட கேட்டீங்களா?" என்றான்.

கேட்கவில்லை. பெயிண்ட் தொடங்கும் முன் நான் அவர்களிடம் என்னென்ன கேட்பேன்? ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்கிறதா? தகட்டின் சூடு, காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்கிறதா? அதற்கென்றே திருவிழாக் கிலுகிலுப்பை மாதிரி சுழற்றிப் பார்க்கும் கருவி ஒன்று பையில் எப்போதும் கிடக்கும். ஒரு டிகிரி குறைந்தாலும் வேலையை நிறுத்திவிடுவேன், ஃபோர்மேன் என்ன கத்தினாலும் சரி. அப்படிப்பட்ட அதே மனிதன்தான் மழை விட்டதும் மூடியைத் திறந்திருக்கிறான். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்துவிடும், ஈரக் காற்றிலிருந்து தண்ணீர் அதில் படியும், கிளியர் வெளுக்கும். எங்கள் தொழிலில் இதை பிளஷ் என்போம். புதிதாக வந்தவனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுப்பது.

கறுப்பாகத் தெரிந்ததற்குக் காரணம் வேறு. மெட்டாலிக் வெள்ளியில் இருப்பது பொடிப்பொடியான அலுமினியச் செதில்கள். ஸ்ப்ரேயில் பெயிண்ட் மெல்லிசாக விழுந்து சட்டென்று உலரும். செதில் ஒரு விதமாகப் படுக்கும். பிரஷ்ஷில் தடிமனாக வைத்தால் ஈரத்துக்குள் நீந்திக் கண்டபடி படுத்து, வெளிச்சத்தை வேறு மாதிரி திருப்பும். ஒரே பாட்டில், ஒரே கோடு, ஆனாலும் வேறு நிறம். முழுக்கத் தவிர்க்க வழியில்லை. மெல்லிசாக வைத்தால் குறையும், அவ்வளவுதான்.

தடிமன்! கப்பலைச் சமநிலையில் வைக்கத் தண்ணீர் நிரப்பும் பாலஸ்ட் டாங்கில் 320 மைக்ரான் கேட்டுப் பழகிய கை என்னுடையது. பெயிண்டின் தடிமனை அளக்கும் என் பழைய கேஜை பானெட்டில் வைத்துப் பார்த்தேன்: 118. பிரைமர், கலர், கிளியர் எல்லாம் சேர்த்தே அவ்வளவுதான். நான் ஒரே இழுப்பில் வைத்த பரு அதைப்போலப் பல மடங்கு.

தின்னரில் நனைத்த துணியை விரலில் சுற்றி லேசாக ஒற்றி ஒற்றி எடுத்தேன். புதுசாக வைத்தது கரைந்து வந்துவிட்டது. கம்பெனி கிளியர் அசையவில்லை. ஆனால் ஊறவிடக் கூடாது.

அப்புறம் ஜனவரி கடைசி வரை பொறுமையாக இருந்தேன். நாலு நாள் மழையில்லாத ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. இந்த முறை முதலில் துரு. கூர்மையான பிளேடு நுனியால் பழுப்பு போய் இரும்பு மின்னும் வரை சுரண்டினேன். புள்ளியின் விளிம்பில் பெயிண்ட் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது, அதையும் எடுத்தேன். துரு அந்த விளிம்புக்கு அடியில்தான் ஊர்ந்து போகும். புள்ளி பெரிதாகிறதே என்று பயந்து விட்டுவைத்தால் ஆறு மாதத்தில் கொப்புளம். மருந்துக்கடை ஆல்கஹாலால் துடைத்தேன், மெழுகு ஒட்டியிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. வெறும் இரும்பு தெரிந்த ஏழாவதுக்கு மட்டும் ஒரு சொட்டு பிரைமர்.

பிரஷ்ஷைத் தொடவேயில்லை. பல்குத்தி. பாட்டிலை ஐந்து நிமிடம் குலுக்கினேன், செதில் அடியில் தங்கிவிடும். பல்குத்தி நுனியில் ஒரு துளி, பள்ளத்தின் நடுவில் தொட்டால் போதும், தானே விளிம்பு வரை ஓடி நிற்கும். உலர்ந்ததும் கீழே அமுங்கும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. சனிக்கிழமை மூன்று தடவை, ஞாயிறு கிளியர் இரண்டு தடவை. அக்கம்பக்கத்தில் கார் எடுக்க வந்தவர்கள், பல்குத்தியோடு பானெட்டில் குனிந்து நிற்கும் ஆளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

ஸ்ப்ரே கேன் வாங்கலாமே என்று கேட்கலாம். கார் நிறுத்துமிடத்தில் வேண்டாம். காற்றில் பறக்கும் துகள் பக்கத்துக் காரின் கண்ணாடியில் போய் உட்காரும். மிளகு அளவுப் புள்ளிக்கு அது தேவையும் இல்லை.

இரண்டு வாரம் விட்டு, பென்சில் பின்பக்க ரப்பரில் 2000 நம்பர் உப்புத்தாளை வட்டமாக வெட்டி ஒட்டி, சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேடாக நின்றதை மட்டும் தேய்த்தேன். கடைசியாகப் பாலிஷ் போடும் காம்பவுண்ட். இந்த இடத்தில் கேஜ் வைத்துப் பார்க்க ஆசை வந்தது. வைக்கவில்லை. எண் பிடிக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஆறடி தள்ளி நின்றால் ஏழும் தெரியாது. குனிந்து பார்த்தால், அதுவும் மாலை வெயில் சாய்வாக விழும்போது, நாலு தெரியும். வேலையிடத்தில் யாராவது இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா? மாட்டேன். தம்பியிடம் புதுப் படத்தைக் காட்டினேன். "பாஸாயிடுச்சுண்ணே," என்றான், எனக்காகச் சொன்னதுதான்.

பாட்டிலில் முக்கால்வாசி மீதி. தூண் இடித்துப் பெயர்ந்த கதவோரப் புள்ளி ஒன்று பாக்கி இருக்கிறது. அதற்கு இன்னொரு காய்ந்த வாரம் வர வேண்டும். இன்று காலையிலிருந்து மழை.