மீத்தேனுக்கு அஞ்சு ஓட்டை

மரமணியில குச்சி சொருகி மூலக்கூறு மாடல் செய்யுறேன். அதுல மூணு வாரமா உயிரை வாங்குன மீத்தேன் (நடுவுல ஒரு கார்பன், சுத்தி நாலு ஹைட்ரஜன்) இன்னைக்கு ஒருவழியா செட் ஆயிடுச்சு, அதுவும் வேஸ்ட்டுனு தூக்கிப் போட்ட மணியிலயே.

25 மில்லிமீட்டர் மரமணி, 4 மில்லிமீட்டர் பிட். முதல் ஓட்டை போட்டு மணியை சாய்ஞ்ச குச்சியில சொருகி, ட்ரில்லை நேரா இறக்கி, 120 டிகிரி திருப்பித் திருப்பி மிச்ச மூணு. மீத்தேன்ல எந்த ரெண்டு ஹைட்ரஜனுக்கும் நடுவுல 109.5 டிகிரி, அதுல 90 போனா 19.5, தரையிலேர்ந்து குச்சியோட சாய்வு அதான். நுனி மேல நிமிரணும், நான் கீழ குனிய வெச்சு ஜிக்கையே (மணியைப் பிடிச்சு வெக்கிற அந்தக் குச்சித் தாங்கி) ஒட்டித் தொலைச்சுட்டேன். இதுல கொடுமை என்னன்னா, அந்த மூணு ஓட்டைக்கு நடுவுல கோணமானி வெச்சா ஜம்முனு 109.5 காட்டுது! சரியாத்தான் இருக்குன்னு நம்பி ஏழு மணி போட்டுட்டேன். ஹைட்ரஜனை மாட்டுனா நாலும் ஒரே பக்கம். மீத்தேன்னா காத்துல பின்னால மடங்குன குடை மாதிரி இருக்கணும், என்னுது ஒழுங்கா விரிச்ச குடை. முதல் ஓட்டைக்கும் மத்ததுக்கும் 70.5 தான்.

அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு, 180-ல 70.5 போனா 109.5. முதல் ஓட்டையை அந்தப் பக்கம் வரைக்கும் துளைச்சுட்டா முடிஞ்சது கதை. ஏழு மணியும் பொழைச்சுது, ஒரு ஓட்டை எக்ஸ்ட்ரா, அவ்ளோதான்.

மணி வாங்குறவங்க மாலை கோர்க்கிற மணியா வாங்குங்க, நடுவுல ஓட்டை ஏற்கனவே முழுசா போயிருக்கும், ஜிக் எந்தப் பக்கம் சாய்ஞ்சாலும் கவலை இல்ல. ஓட்டை இல்லாத உருண்டையைத் தேடி அலைஞ்சது என் கிறுக்குத்தனம்.

தண்ணிக்கும் இதே மணிதான். 104.5-க்கு இன்னொரு ஜிக் செய்ய சோம்பேறித்தனம், அஞ்சு டிகிரி யார் கண்ணுக்குத் தெரியப்போகுது. ஹைட்ரஜன் சல்பைடுல அந்த டகால்டி நடக்காது, அது 92. கந்தகத்தோட கவர்திறன் (பிணைப்பு எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்குற பலம்) 2.58, ஆக்சிஜனுக்கு 3.44, அதனால பிணைப்பு எலக்ட்ரான்கள் நடு அணுவை விட்டுத் தள்ளி நிக்கும், ஒண்ணை ஒண்ணு அவ்வளவா தள்ளாது.

அது கிடக்கு, அதுக்குள்ள குச்சிக்கு பெயிண்ட் அடிக்க ஆரம்பிச்சுட்டேன். எலக்ட்ரான் போற பக்கம் சிவப்பு. அம்மோனியாவும் நைட்ரஜன் ட்ரைஃப்ளோரைடும் பக்கத்துல பக்கத்துல வெக்கணும். நைட்ரஜனுக்கும் அதுல ஒட்டுன ஹைட்ரஜன், ஃப்ளோரினுக்கும் கவர்திறன் வித்தியாசம் முறையே 0.84, 0.94, கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறுல மின்சுமை மொத்தமா ஒரு பக்கம் எவ்வளவு சாய்ஞ்சிருக்குங்குற அளவு, அலகு டிபை) முதலாவதுக்கு 1.47 டிபை, ரெண்டாவதுக்கு வெறும் 0.23. ஃப்ளோரின் இழுக்குறது ஒரு பக்கம், தனி ஜோடி (நைட்ரஜன்ல பிணைப்புல சேராத எலக்ட்ரான் ஜோடி) எதிர்ப்பக்கம், ரெண்டும் அடிச்சுக்கிட்டு காலி. அந்தத் தனி ஜோடியை எதுல செய்யுறதுன்னுதான் இன்னும் பிடிபடல, பலூன் மாட்டிப் பாத்தேன், ராத்திரியே காத்து எறங்கிடுச்சு.