யார் யார் பார்க்கலாம்?

எங்கள் தொண்டு நிறுவனத்தில் உதவி பெறும் குடும்பங்களின் விபரங்களைப் பதிய ஒரு மென்பொருளை எடுத்தோம். ஏன் அதை எடுத்தோம் என்று யாராவது கேட்டால், விலையில் தொடங்கி விலையிலேயே முடித்துவிடுவேன். சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற நிறுவனம் தகுதியுள்ள இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்குத் தன் மென்பொருளின் 10 உரிமங்களை இலவசமாகத் தருகிறது. ஆனால் அதை எங்கள் வேலைக்கு ஏற்றபடி அமைக்கத் தெரிந்தவரைக் கொழும்பில்தான் தேட வேண்டும். சிவிசிஆர்எம் திறந்த மூல மென்பொருள், உரிமக் கட்டணம் இல்லை. அதன் சேர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முல்லைத்தீவில் அப்படி ஒருவர் அகப்பட்டாலும் கொஞ்ச நாளில் கனடாவுக்குப் போய்விடுவார். பழைய எக்செல் கோப்புகள் பாமினி எழுத்துருவில் கிடந்ததால், ஒருங்குறிக்கு மாற்றாமல் ஏற்றிய பெயர்களெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து நின்றன. இந்தத் தொல்லைகளைப் பற்றி எவ்வளவு நேரமும் பேசலாம். எங்கள் வெளிக்கள உத்தியோகத்தர் அக்கா ஒருவர் கேட்டதைப் பற்றித்தான் பேச வருவதில்லை.

"தம்பி, இதை யார் யார் பார்க்கலாம்?"

என்னிடம் பதில் இருந்தது. வெளிக்கள உத்தியோகத்தருக்குத் தன் பிரிவின் பதிவுகள் மட்டும். கணக்காளருக்குக் கொடுப்பனவுகள் மட்டும். எந்தப் பதிவை யார் எப்போது திறந்தார் என்பதும் தெரியும். திரையிலேயே காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். "நான் எங்கள் ஆட்களைக் கேட்கவில்லை. விசாரிக்க வருகிறவர்கள் கேட்டால்?"

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொன்னேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அவருடைய பயம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். குடும்ப நிலை என்ற பத்தியில் வழக்கமான தெரிவுகளோடு 'கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர்' என்று ஒன்றை நானே சேர்த்திருந்தேன். மரணச் சான்றிதழை வாங்க மறுத்து, 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கிடைக்கிற காணாமற்போனதற்கான சான்றிதழையும் வேண்டாம் என்று இருக்கிற பெண்களை விதவை என்று பதிவது அநியாயம் என்பது என் எண்ணம். இப்போதும் அதுதான் எண்ணம். அந்தத் தெரிவைச் சேர்த்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"2017 பெப்ரவரியிலிருந்து கிளிநொச்சி கந்தசாமி கோவிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோடு போராட்டத்தில் இருந்தவர்கள்தானே அக்கா? எல்லோருக்கும் தெரிந்ததை நாம் எழுதினால் என்ன?"

"அந்தப் படத்தை அவர்கள் தாங்களாகப் பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள். இந்தப் பட்டியலை எழுதுவது நீங்கள்."

இதுவரை எழுதிவந்த கொப்பிகளில் மட்டும் எல்லாம் இருந்தால் அவற்றின் கதி என்ன என்று கேட்டேன். 2009இல் போரின் முடிவில் செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களில் எத்தனை பேரிடம் ஒரு துண்டுக் காகிதமாவது இருந்தது? பிறப்புச் சான்றிதழுக்கும் காணி உறுதிக்கும் பிறகு எத்தனை வருடம் அலைந்தார்கள்? எல்லாம் வேறோர் இடத்தில் பத்திரமாக இருந்திருந்தால்? இதைவிட வலுவான நியாயம் என்னிடம் இல்லை. அக்கா மறுக்கவில்லை. "தொலைந்ததைச் சொல்கிறீர்கள். வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்திடம் போகும் முன் நாங்களே கிழித்துப் போட்டதைச் சொல்லவில்லையே" என்றார். அதற்குப் பிறகு பேச்சு தேநீர், பஸ் நேரம் என்று மாறிவிட்டது.

மென்பொருள் வந்தது. சில மாதம் கழித்து அறிக்கை எடுத்தபோது அவருடைய பிரிவில் அநேகமாக எல்லோரும் 'திருமணமானவர்'. நான் சேர்த்த தெரிவில் ஒருவர்கூட இல்லை. பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் எண்ணிக்கையை அந்தப் பத்தியிலிருந்துதான் கணித்தோம். ஆகவே கோழிக்கூடும் தையல் இயந்திரமும் கொடுக்க வேண்டியவர்களே பட்டியலுக்கு வெளியே நின்றார்கள். கோபத்தோடு தொலைபேசியில் கேட்டேன். "அவர்களிடம் கேட்டுத்தான் பதிந்தேன். திருமணமானவர் என்றுதான் சொல்கிறார்கள். அது பொய்யா தம்பி?"

பொய்யில்லை. ஆனால் அவர் அவர்களைக் காப்பாற்றத்தான் அப்படிப் பதிந்தார் என்று நினைக்கிறேன். அவர்கள் வாயால் சொன்னதையே எழுதினார் என்றும் சில நாள் நினைக்கிறேன். இரண்டில் எது என்று கேட்கவில்லை; கேட்டால் அந்தப் பதிலையும் எங்காவது பதிய வேண்டிவரும்.

குடும்ப நிலையைத் தொடாமல், வீட்டின் வருமானப் பொறுப்பு யாரிடம் என்று ஒரு தனிப் பத்தியைச் சேர்த்து அதிலிருந்து கணிக்க வைத்தேன். பட்டியல் சரியானது. தொழில்நுட்ப ரீதியில் நல்ல தீர்வு, இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். நான் சேர்த்த 'காணாமல் ஆக்கப்பட்டவர்' தெரிவு மட்டும் காலியாகக் கிடக்கிறது. அழிக்கவில்லை. அழித்தால் அக்கா சொன்னதை ஒத்துக்கொண்டதாகும். வைத்திருந்தால், புதிதாக வருகிற கெட்டிக்காரப் பிள்ளை யாராவது ஒருநாள் முழுவதையும் நிரப்பிவிடக்கூடும்.

இந்த முறை நிதி வழங்குநர் அந்தத் தெரிவைக் கட்டாயமாகப் பதியச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று எழுதினேன். உண்மைக் காரணத்தை மின்னஞ்சலில் எழுதக் கை வரவில்லை. 'தரவின் தரம் போதாது' என்று போட்டேன். அப்படியானால் தரத்தைக் கூட்டலாமே என்று வெளிக்கள உத்தியோகத்தர்களின் பயிற்சிக்கு நிதி ஒதுக்கிவிட்டார்கள். நடத்தப்போவது நான்தான். அக்காவுக்கும் அழைப்பு அனுப்பியாக வேண்டும்.